“அவர் உசுருக்கு விலை பேசுவதா?”

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் அண்ணனுக்கு வயது 42, எண்ணெய் ஆலையில் வேலை. நாலு மாதத்துக்கு முன்பு காலை ஷிஃப்டுக்கு மோட்டாரில் போகும்போது, குலை ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் சாலையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறிய லோரி மோதிவிட்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் தவறிவிட்டார். அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள், 14 வயதும் 9 வயதும். எங்கள் அம்மாவும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். லோரி ஒரு குத்தகைக்காரருடையது. சாவுக்கு வந்து 5,000 ரிங்கிட் கொடுத்தார். இப்போது இன்னும் 10,000 தருகிறேன், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று மலாயில் டைப் அடித்த ஒரு தாளோடு வருகிறார். ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் வேறு ஒருவர் “லாயர் ஆபீஸ்” என்று சொல்லி அண்ணியிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார், அவர் யார் என்றே தெரியவில்லை. லோரி ஓட்டியவர் மீது இன்னும் கேஸ் போடவில்லை. கேட்டால் அண்ணி, “அவர் உசுருக்கு விலை பேசச் சொல்றியா?” என்று அழுகிறார். கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது, பதியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் அண்ணியிடம் போய் இதைச் சொல்லுங்கள். அவர் உயிருக்கு யாரும் விலை போடவில்லை, போடவும் முடியாது. சட்டம் கணக்குப் பார்ப்பது வேறு ஒன்றை. மாதா மாதம் அவர் கையிலிருந்து அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அரிசி, பால்மாவு, பள்ளிக்கூட பஸ் காசு, அம்மாவின் மருந்து, இவை நின்றுபோனதற்கு யார் காரணமோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. அது உங்கள் அண்ணன் அவர் பிள்ளைகளுக்குச் செய்ய இருந்த செலவு. அதை வேண்டாம் என்று விடும் உரிமை அண்ணிக்குத் தன் பங்கில் உண்டு, பிள்ளைகள் பங்கில் இல்லை. இதை மெதுவாகச் சொல்லுங்கள், ஒரே நாளில் புரிய வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அந்தத் தாளில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அண்ணி, அம்மா, நீங்கள், யாரும். 10,000 வாங்கிக்கொண்டு “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிக் கொடுத்தால் பிறகு அதை உடைக்கப் படாத பாடு பட வேண்டும். பிள்ளைகள் வயதுக்கு வராதவர்கள் என்பதால், வழக்கில் அவர்கள் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பேசி முடிக்க முடியாது. ஆனாலும் அந்தத் தாள் கையில் இருந்தால் அதைக் காட்டியே உங்களை இழுத்தடிப்பார்கள். வந்தவரிடம் சண்டை வேண்டாம். தாளை வாங்கி வையுங்கள், வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். முன்பு கொடுத்த 5,000-த்துக்கு ஏதாவது எழுதி வாங்கினாரா என்று மட்டும் அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிணவறை வாசலில் கையெழுத்து வாங்கிய ஆளைப் பற்றி எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. இது புதிதில்லை. பிணம் இன்னும் வீடு வந்து சேரவில்லை, அதற்குள் தாளை நீட்டுகிறார்கள். வழக்கறிஞர்கள் ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பது இந்த நாட்டில் விதிக்கு விரோதம். “கிடைப்பதில் இத்தனை பங்கு எங்களுக்கு” என்று பேசுவதையும் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. அண்ணி போட்ட கையெழுத்து பெரும்பாலும் வழக்கை நடத்த அதிகாரம் கொடுக்கும் தாளாக இருக்கும். பயப்பட வேண்டாம், வழக்கறிஞரை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த ஆபீஸ் என்று கண்டுபிடித்து எழுத்தில் சொல்லி நிறுத்துங்கள். அதுவரை அவர்கள் உண்மையிலேயே ஏதாவது வேலை செய்திருந்தால் அதற்கு மட்டும் கூலி கேட்கலாம்.

சரி, இப்போது நீங்கள் போக வேண்டிய இடங்கள் மூன்று. மூன்றும் தனித்தனி, ஒன்றுக்குப் போனால் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கு, முதலில் போங்கள், ஏனென்றால் மாதச் சாப்பாட்டுக்குப் பணம் அங்கிருந்துதான் சீக்கிரம் வரும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் வேலை விபத்தாகவே கணக்கு. 1969-ஆம் ஆண்டு சட்டத்திலேயே இது இருக்கிறது. அப்படி இறந்தவரின் சராசரி தினக் கூலியில் 90 விழுக்காடு குடும்பத்துக்கு வரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. ஈமச்செலவுக்கும் தனியாகத் தருவார்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் ஆலை நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவித்தார்களா என்று ஆபீஸில் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஈப்போ சொக்சோவுக்குப் போங்கள். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது வழியைத்தான். அண்ணன் நேர் வழியில்தான் போனாரா, வேறு சொந்த வேலையாக எங்காவது திரும்பினாரா என்று கேட்பார்கள். அன்றைய ஷிஃப்டு அட்டையும், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார் என்று அண்ணி சொல்வதும் அங்கே பேசும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. அண்ணன் யாரை வாரிசாக எழுதி வைத்தார் என்று கேளுங்கள். நிறையப் பேர் கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரைப் போட்டுவிட்டு மாற்றாமலே இருந்திருப்பார்கள், அதனால் குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேமிப்புத் தொகை தவிர, 60 வயதுக்குள் இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு 2,500 ரிங்கிட் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே போங்கள்.

மூன்றாவதுதான் லோரி மீதான வழக்கு. இது 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. ஓட்டியவர் மீதும் லோரிச் சொந்தக்காரர் மீதும் வழக்குப் போடுவோம், பணம் கொடுப்பது அந்த லோரியின் காப்புறுதி நிறுவனம். அதனால் அந்தக் குத்தகைக்காரர் தன் கையிலிருந்து கொடுப்பதுபோல் பேசுவதைக் கேட்டு இரக்கப்பட வேண்டியதில்லை.

யாருக்காகக் கேட்கலாம் என்பதில் சட்டம் கறாராக இருக்கிறது. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், இறந்தவரின் பராமரிப்பில் இருந்த மாற்றுத்திறனாளி. உடன்பிறந்தவர் என்பதற்காக மட்டும் இடமில்லை தம்பி, உங்களுக்காக நீங்கள் கேட்க முடியாது. ஆனால் உங்கள் அம்மா கேட்கலாம், அண்ணன் அவரை வைத்துக் காப்பாற்றினார் அல்லவா.

கணக்கு எப்படிப் போடுவார்கள் என்றால், வீட்டுக்குக் கொடுத்த பணத்தை எத்தனை ஆண்டுக்குப் பெருக்குவது என்று இறந்தவர் வயதைப் பார்த்து முடிவு செய்வார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முறைப்படி, 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டு. 31 முதல் 59 வரை என்றால் 60-லிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்குவது. உங்கள் அண்ணனுக்கு 42. கழித்தால் 18, பாதி 9 ஆண்டு. சம்பளத்தில் தன் சொந்தச் செலவு போக வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் கணக்கின் இன்னொரு பகுதி. உதாரணத்துக்கு 2,400 சம்பளத்தில் 1,600 வீட்டுக்கு வந்தது என்று நிரூபித்தால், 1,600 பெருக்கல் 12 பெருக்கல் 9, மொத்தம் 172,800 ரிங்கிட். இப்போது அந்த 10,000-த்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு மேல் ஈமச்செலவு, ரசீது இருக்க வேண்டும். துக்க இழப்பீடு என்று மனைவிக்கு 30,000 ரிங்கிட், முன்பு 10,000-ஆக இருந்தது. அண்ணன் மீதும் கொஞ்சம் தவறு என்று நீதிபதி கண்டால், மோட்டாருக்கு விளக்கு எரியவில்லை, வேகமாக வந்தார் என்பதுபோல, அந்த விழுக்காட்டைக் கழிப்பார்.

வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை எப்படிக் காட்டுவது? இங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள், கையில் எண்ணிக் கொடுத்த காசுக்கு ஏது ரசீது. நான் ஈப்போவில் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோது ஒரு அம்மா மளிகைக்கடைக் கடன் நோட்டைக் கொண்டு வந்தார், எண்ணெய்க் கறை படிந்த நீல அட்டை நோட்டு. ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி பக்கத்தில் கணவர் கணக்குத் தீர்த்து எழுதிய கையெழுத்து வரிசையாக இருந்தது. சம்பளச் சீட்டு, பேங்க் புத்தகம், அந்த நோட்டு மூன்றும் சேர்ந்து எந்தச் சாட்சியையும் விட நன்றாகப் பேசின. அப்படி எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கருமாதி முடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அவருடைய தாள்களை எரித்துவிடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, வேண்டாம்.

லோரிக்காரர் மீது போலீஸ் கேஸ் போடவில்லை என்று காத்திருக்காதீர்கள். அது வேறு, இது வேறு. அங்கே தண்டனை கொடுத்து அபராதம் போட்டால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்களுக்கு ஒரு காசு வராது. சிவில் வழக்கில் நிரூபிக்க வேண்டிய அளவும் குறைவு. ஆனால் போலீஸ் கோப்பு வேண்டும். இரண்டு தரப்பு ரிப்போர்ட்டும், விபத்து நடந்த இடத்தின் வரைபடமும் அதன் விளக்கமும், படங்களும், விசாரணை முடிவும் விண்ணப்பித்து வாங்கலாம், வழக்கறிஞர் செய்வார். மரணச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் நீங்களே எடுத்து வையுங்கள்.

திருமணப் பதிவு. இதுதான் எனக்குக் கவலை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணங்களைப் பதிய வேண்டும் என்பது சட்டம். கோயிலில் தாலி கட்டி ஊர் சாப்பிட்ட கல்யாணம் நமக்குக் கல்யாணம்தான், ஆனால் பதியாத மனைவி இந்தப் பிரிவில் மனைவியா என்று கேட்டால் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. கொடுக்காமல் அனுப்பிய தீர்ப்பும் உண்டு, கொடுத்த தீர்ப்பும் உண்டு. காப்புறுதித் தரப்பு வழக்கறிஞர் முதலில் இதைத்தான் கிளறுவார், சொக்சோவிலும் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் பிள்ளைகளும் உங்கள் அம்மாவும் கண்டிப்பாக வழக்கில் இருக்க வேண்டும். பெற்றோர் திருமணம் பதியாவிட்டாலும் பிள்ளை பிள்ளைதான் என்று அதே 7-ஆம் பிரிவு சொல்கிறது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கல்யாணப் படங்கள், பத்திரிகை, கோயில் ரசீது எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

படிக்கிற மற்றவர்களில் பதியாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் இருந்தால், அருகில் இருக்கும் பதிவு இலாகாவுக்கு இந்த மாதமே போய் வாருங்கள். சில கோயில்களிலேயே துணைப் பதிவாளர் இருக்கிறார்.

கடைசியாகத் தேதி. அண்ணன் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்கை நீதிமன்றத்தில் பதிந்துவிட வேண்டும். வழக்கறிஞரைப் பார்ப்பது பதிவு ஆகாது, கடிதம் எழுதுவது பதிவு ஆகாது. லிந்தாங் பக்கத்திலிருந்து ஒரு தாய் எங்களிடம் வந்தார், மைலோ டின்னுக்குள் எல்லாத் தாளையும் சுருட்டி, மேலே விபூதிப் பொட்டலம் வைத்து. ஒரு தாள் குறையவில்லை. மூன்று ஆண்டும் 19 நாளும் ஆகியிருந்தது. காப்புறுதி ஆள் “பார்க்கிறோம், பார்க்கிறோம்” என்றே அத்தனை நாளும் ஓட்டியிருந்தார். அந்த அம்மா டின்னை மூடியதும், மூடி சரியாகப் பொருந்தாமல் திரும்பத் திரும்ப அழுத்தியதும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அண்ணன் இறந்த தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பில் எழுதுங்கள், அதிலிருந்து ஒரு ஆண்டுக்குள் வழக்குப் பதிவாக வேண்டும் என்று வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும், அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையும் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது, கல்யாணம் ஆகவில்லை, பட்டறையில் வேலை, மாதம் 600 ரிங்கிட் கையில் கொடுப்பான். கார் மோதி இறந்துவிட்டான். காருக்குக் காப்புறுதியே இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் ஒன்றும் கிடைக்காதா அம்மா?

பதில்: அக்கா, காப்புறுதி இல்லை என்று சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். ஓட்டியவர், சொந்தக்காரர் மீது அப்போதும் வழக்குப் போடலாம். காப்புறுதி இல்லாத வாகனத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே மேற்கு மலேசியாவில் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பு ஒன்று இருக்கிறது, வழக்கறிஞர் மூலம் அங்கே போகலாம். மகனுக்கு 23 என்பதால் 16 ஆண்டுக் கணக்கு. 600 பெருக்கல் 12 பெருக்கல் 16, அது 115,200 ரிங்கிட். கல்யாணம் ஆகியிருந்தால் இவ்வளவு கொடுத்திருப்பானா என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். கையில் கொடுத்ததற்கு நீங்கள்தான் சாட்சி. அவன் பட்டறை முதலாளி சம்பளத்தை எழுத்தில் தருவாரா என்று முதலில் கேளுங்கள், பட்டறையை மூடிவிட்டாலோ அவர் ஊர் மாறிப் போனாலோ அந்தத் தாள் கிடைக்காது.