தம்பி, அம்மா அப்பாவை எடுக்கிறதென்றால்

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஏழு மாதம், பிஆர் (நிரந்தர வதிவுரிமை) கையில் இருக்கிறது, அம்மா அப்பாவை எப்போது ஸ்பொன்சர் பண்ணலாம், 20 வயதுத் தங்கச்சியையும் அவர்களோடு சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர். நேரே சொல்லுகிறேன் தம்பி, ஸ்பொன்சரை இப்போதைக்கு விட்டுவிட்டு சூப்பர் விசாவைப் பாரும், அதுதான் பெற்றோர் வந்து கனகாலம் நின்றுபோகிற விசிட் விசா.

பெற்றோரை ஸ்பொன்சர் பண்ண விரும்புகிறவர்களிடம் விருப்பப் படிவம் கடைசியாக எடுத்தது 2020 ஒக்டோபர் 13 தொடக்கம் நவம்பர் 3 வரை. அந்த மூன்று கிழமைக்குள் போட்டவர்களின் பேரைத்தான் பிறகு வருஷா வருஷம் குலுக்கினார்கள். 2025-இல் அழைப்புப் போன 17,860 பேரும் அதே பழைய பட்டியல்தான். நான் போட்ட படிவத்துக்கு 2023-இல் அழைப்பு வந்தது. அப்போது அம்மா மட்டும்தான் இருந்தா.

திரும்பவும் திறந்தாலும் உமக்கு உடனே சரிவராது. தொடர்ந்து மூன்று வரி வருஷத்துக்கு வருமானம் காட்ட வேண்டும். நீர், அம்மா, அப்பா, தங்கச்சி என்று நாலு பேர். 2023-க்கு நாலு பேருக்கான தொகை 66,466 டொலர். கைக்காசுக்குச் செய்யும் கிச்சன் வேலை இதில் சேராது. வரிக் கந்தோர் அனுப்பும் அசெஸ்மென்ட் கடிதத்தில் இருக்கிற இலக்கம்தான் கணக்கு. வந்த புதிதில் நானும் கைக்காசுக்கு ஓடினேன். அந்த இரண்டு வருஷமும் வீண். அதோடு 20 வருஷத்துக்கு அவர்களின் பொறுப்பு உம்முடையது. இடையில் வேலை போனாலும் அது போகாது.

தங்கச்சியின் விஷயம் எனக்கே சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 22 வயதுக்குள், கலியாணம் ஆகாமல் இருந்தால்தான் பெற்றோரின் விண்ணப்பத்தில் சேர்க்கலாம். நீர் மூன்று வருஷக் கணக்குக் காட்டி முடிக்க அவவுக்கு அந்த வயது தாண்டிவிடும். சூப்பர் விசாவிலும் அவவுக்கு இடமில்லை. சொந்தப் படிப்பில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியால், அதாவது படிப்புக்கும் வேலைக்கும் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் வழியால் வரட்டும். அண்ணன் இங்கே இருப்பதற்கு 15 புள்ளி கூடக் கிடைக்கும்.

சூப்பர் விசாவுக்குக் குலுக்கல் இல்லை, மூன்று வருஷக் கணக்கும் இல்லை. 2022 ஜூலையில் இருந்து ஒருமுறை வந்தால் ஐந்து வருஷம் நிற்கலாம். ஆனால் ஓகிப், அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி கிடையாது. ஆளுக்குக் குறைந்தது 100,000 டொலருக்கு ஒரு வருஷ இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அங்கேதான் நான் அடிபட்டேன். என் அப்பா 2014-இல் இந்த விசாவில் வந்தார். மூன்றாம் மாதம் நெஞ்சு நோவென்று எமர்ஜென்சியில் ஒரு இரவு. இன்சூரன்ஸ்காரர் காசு கட்ட மாட்டோம் என்றார்கள். காரணம், வெளிக்கிடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஊர் டொக்டர் பிரஷர் குளிசையை ஐந்தில் இருந்து பத்து மில்லிகிராமாகக் கூட்டியிருந்தார். பொலிசியில் ‘ஸ்டேபிள்’ என்று ஒரு சொல் இருக்கிறது, வருத்தம் மாறாமல் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். குளிசையின் அளவு மாறினாலே அது போச்சு. விலையைப் பார்க்கும் முன் அந்தப் பக்கத்தை வாசியும். அப்பா அந்த பில்லை மடித்துத் தன் சேர்ட் பொக்கற்றில் கனநாள் வைத்திருந்தார்.

நீர் கேட்காத ஒன்று. லான்டிங்குக்கு, அதாவது பிஆரோடு இங்கே வந்து இறங்குவதற்கு முன் ஊரில் கலியாண எழுத்து எழுதிவிட்டு, தனியாள் என்று சொல்லி வந்திருந்தால், அந்தப் பெண்ணைப் பிறகு ஸ்பொன்சர் பண்ணுவது பெரிய சிக்கல். அப்படி ஏதும் இருந்தால் முதலில் லோயரிடம் போம். “உள்ளுக்கு ஆள் இருக்கு” என்று கதைக்கிற ஏஜென்ற்றிடம் போகாதேயும். என்னிடம் 800 டொலர் வாங்கினவர் பிறகு போனே எடுக்கவில்லை.

இன்னொன்று, என் அம்மாவின் பேர் பிறப்பு அத்தாட்சியில் ‘அம்மா’ என்று முடிந்தது. பாஸ்போட்டில் அந்த வால் இல்லை. சத்தியக்கடதாசி, கிராம சேவகரின் கடிதம், மொழிபெயர்ப்பு என்று அதற்கே ஐந்து மாதம் போனது. வீட்டுக்குச் சொல்லி உம்முடைய அம்மா அப்பாவின் பிறப்பு அத்தாட்சி, பாஸ்போட் இரண்டையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும். எழுத்தெழுத்தாக ஒத்துப் பாரும்.