கறியை நிறுத்தியாச்சுங்க, கொலஸ்ட்ரால் மட்டும் எறங்கல!

கேள்வி: வயசு 51 ஆச்சுங்க, பனியன் கம்பெனில உக்காந்தே பார்க்கற வேலை. எங்கய்யனுக்கு 49 வயசுலயே அட்டாக் வந்துருச்சு, அந்த பயத்துல நான் ரெண்டு வருஷமா கறி, முட்டை எதையும் தொடறதில்லை. காலைல இட்லி தோசை, மத்தியானம் சோறு கொழம்பு, சாயங்காலம் பேக்கரில டீயும் தேங்கா பன்னும், ராத்திரி பரோட்டா. ஆனா போன மாசம் டெஸ்ட் எடுத்தா எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் 148, ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக்கொழுப்பு 260. சைவம் இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றதெல்லாம் பொய்ங்களா?
– வாசகர், அவிநாசி

பதில்: பொய் இல்லீங்க. ஆனா கறியை எடுத்த எடத்துல நீங்க என்ன வெச்சிருக்கீங்கன்னு உங்க லெட்டர்லயே இருக்குதே, இட்லி, சோறு, பன்னு, பரோட்டா, நாலு வேளையும் அரிசி இல்லைன்னா மைதா! பருப்புன்னு பார்த்தா இட்லில போட்ட உளுந்தும் கொழம்புல கரைஞ்சதும்தான், காய், கீரை, பழம் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதலை. அமெரிக்காவுல ரெண்டு லட்சம் பேருக்கு மேல, இருபது வருஷத்துக்கும் மேல கவனிச்ச ஆராய்ச்சி ஒண்ணு 2017ல வந்துச்சு. அதுல முழு தானியம், பருப்பு, கடலை, காய், பழம்னு சாப்பாட்டை அதிகமா அமைச்சுக்கிட்டவங்களுக்கு இதய நோய் 25 சதவீதம் கம்மி. அதே செடில வெளைஞ்சதுதான், ஆனா தீட்டுன தானியம், இனிப்பு, கலர் ஜூஸ், உருளைக்கிழங்குன்னு போனவங்களுக்கு 32 சதவீதம் அதிகம். கறியை அறவே விட்டாங்களாங்கறது இதுல கணக்கு இல்லை, தட்டுல எது எச்சா இருந்துச்சுங்கறதுதான் கணக்கு. நீங்க ரெண்டாவது கூட்டத்துல போய் நின்னுட்டு நானும் சைவம்தானேங்கறீங்க.

உங்க ட்ரைகிளிசரைடு 260க்கு பெரும்பாலும் சோறு, மைதா, சர்க்கரை, உக்காந்த வேலை இது எல்லாம் சேர்ந்துதான் காரணமா இருக்கும், சர்க்கரை டெஸ்ட்டும் ஒண்ணு எடுத்துருங்க. எல்டிஎல்லுக்கு பரோட்டாவுக்கும் பன்னுக்கும் போடற டால்டா, பாமாயில் பக்கம் பாருங்க. எண்ணெய்ல ட்ரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை டால்டா மாதிரி கெட்டியாக்கறப்ப வர்றது) 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2022லருந்து சட்டம் இருக்குது, ஆனா அதுல இருக்கற நிறைகொழுப்பு, அதாவது எல்டிஎல்லை ஏத்தற கொழுப்பு, அப்படியேதான் இருக்கும். மத்தியானம் சோத்தை பாதியாக்கி அந்த எடத்துல கொள்ளுப்பருப்போ பச்சைப்பயிறு கடைசலோ தட்டப்பயிறோ ஒரு பெரிய கிண்ணம், கூட ரெண்டு காய். சாயங்காலம் பன்னுக்கு பதிலா வேகவெச்ச நிலக்கடலை ஒரு கை. வாரத்துல ரெண்டு மூணு நாள் ராத்திரிக்கு சோளச்சோறோ கம்மஞ்சோறோ, அது நம்ம பாட்டிங்க தெனமும் ஆக்கினதுதான், இப்ப ஓட்டல்ல ஸ்பெஷல்னு போர்டு போட்டு விக்கறாங்க.

இதையெல்லாம் செஞ்சாலும் ஒண்ணு சொல்லிடறேன், சாப்பாட்டை சைவமா மாத்தி நடத்துன ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து 2023ல பார்த்தப்ப எல்டிஎல் சராசரியா 10 சதவீதம்தான் கொறைஞ்சிருக்குது. உங்க 148, 133 பக்கம் வரலாம். அய்யனுக்கு 49லயே வந்திருக்கறதால டாக்டர் மாத்திரை வேணும்னு சொன்னா அடம் புடிக்காதீங்க, சைவத்துக்கு மாறிட்டேன் மாத்திரை எதுக்குன்னு நிறுத்தறவங்களை நெனைச்சாத்தான் எனக்கு கறி திங்கறவங்களை விட பயமா இருக்குது. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் எடுங்க.

கேள்வி: எங்க தோப்புல காய்க்கற தேங்கா, செக்குல ஆட்டுன எண்ணெய், இதுல கொலஸ்ட்ராலே கெடையாதுங்கறாங்க. எங்க அப்பிச்சி இதையே தின்னு 90 வரைக்கும் நல்லா இருந்தாரு. நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்களா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: பொள்ளாச்சிக்காரங்க கிட்ட தேங்காயை குறை சொல்லிட்டு நான் அந்தப் பக்கம் எப்படி வர்றது அம்மிணி! கொலஸ்ட்ரால் இல்லைங்கறது உண்மைதான், எந்த செடிலயும் கெடையாது. ஆனா தேங்கா எண்ணெய்ல 80 சதவீதத்துக்கு மேல நிறைகொழுப்பு, அது உள்ள போனா ரத்தத்துல இருக்கற எல்டிஎல்லை ஈரல் இழுத்து வெளியேத்தறது கொறைஞ்சு போகுது. கடலை எண்ணெய்ல அந்த நிறைகொழுப்பு 20 சதவீதத்துக்குள்ளதான், நல்லெண்ணெய்ல இன்னும் கம்மி. செக்குல ஆட்டினாலும் மில்லுல ஆட்டினாலும் கொழுப்போட கணக்கு மாறாது. சட்னிக்கும் பொரியலுக்கும் கொஞ்சம் தேங்கா தாராளமா போட்டுக்குங்க, தெனமும் தாளிக்கறதுக்கும் பொரிக்கறதுக்கும் கடலை எண்ணெய், நல்லெண்ணெய்னு மாத்திக்குங்க, தேங்கா எண்ணெயை தலைக்கு வெச்சுக்குங்க. அப்பிச்சி விடிஞ்சதுலருந்து பொழுது சாயற வரைக்கும் தோப்புலயே நடந்திருப்பாரு, பேக்கரியும் பக்கத்துல இருந்திருக்காது.

கேள்வி: அம்மாவுக்கு வால்வு ஆபரேஷன் ஆகி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போகுது. இதயத்துக்கு நல்லதுன்னு இந்த மாசம் தெனமும் முருங்கைக்கீரை குடுக்கறேன். சரிங்களா?
– வாசகி, கோபி

பதில்: இதை உடனே அவங்க டாக்டர் கிட்ட சொல்லுங்க கண்ணு. வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரைன்னா கீரைல இருக்கற வைட்டமின் கே அதோட வேலையை கொறைச்சுரும், வால்வுல ரத்தம் கட்டிக்க வாய்ப்பு இருக்குது. அதுக்காக கீரையை திடீர்னு நிறுத்தவும் வேண்டாம், அப்ப ரத்தம் ரொம்ப எளகிரும். வாரா வாரம் ஒரே அளவா இருக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி ஐஎன்ஆர்ங்கற, ரத்தம் உறையற நேரத்தை பார்க்கற டெஸ்ட் பார்த்து மாத்திரை அளவை டாக்டர் வெச்சுக்குவார்.

கேள்வி: சைவம் சாப்பிட்டா பக்கவாதம் வருதுன்னு வாட்ஸப்ல வந்துச்சு. நான் ஒரு வருஷமா பால், தயிர் கூட விட்டுட்டேன், இப்ப பயமா இருக்குது.
– வாசகி, பெருந்துறை

பதில்: பாதி சேதிதான் உங்களுக்கு வந்திருக்குது. இங்கிலாந்துல 48,000 பேரை 18 வருஷம் பார்த்து 2019ல வெளியிட்டாங்க. சைவம் சாப்பிட்டவங்களுக்கு இதய அடைப்பு 22 சதவீதம் கம்மி, பக்கவாதம் 20 சதவீதம் அதிகம், அதுவும் பெரும்பாலும் மூளைல ரத்தம் கசியற வகை. ஆயிரம் பேர்ல பத்து வருஷத்துக்கு இதய நோய் 10 பேருக்கு கம்மி, பக்கவாதம் 3 பேருக்கு எச்சு, இதுதான் கணக்கு. ஏன்னு யாரும் இன்னும் முடிவா சொல்லலை. நம்மூர்ல நீங்க பார்க்க வேண்டியது பிபி, உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஊறுகாய், வத்தல், அப்பளம், மோர் மொளகான்னு வெச்சா ஒரு வேளைலயே பாதி முடிஞ்சுரும்.

பால் தயிரும் விட்டுட்டீங்கன்னா பி12 மாத்திரை கட்டாயம், அது செடில கெடைக்காது. கம்மியானா கை கால் மரத்துப் போகும், ரத்தக்குழாய்க்கு ஆகாத ஹோமோசிஸ்டீன்னு ஒண்ணு ரத்தத்துல ஏறும். உங்களுக்கு எவ்வளவு இருக்குதுன்னு டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர் சொல்ற அளவை போடுங்க.

கேள்வி: கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சொல்லுவாங்களே, தெனமும் காலைல கொள்ளுத்தண்ணி குடிச்சா ரத்தக்குழாய் கொழுப்பு கரையுமுங்களா?
– வாசகர், தாராபுரம்

பதில்: குழாயை கழுவி விடற வேலையை எந்த தண்ணியும் செய்யாதுங்க. கொள்ளுல 100 கிராமுக்கு 22 கிராம் பக்கம் புரதம், கூட நல்ல நார்ச்சத்து, அது முக்கால்வாசி பருப்புலதான் இருக்குது. நீங்க பருப்பை மாட்டுக்கு வெச்சுட்டு தண்ணிய மட்டும் குடிச்சா மாடுதான் நல்லா இருக்கும். தண்ணில ரசம் வெச்சுக்குங்க, பருப்பை பூண்டு, வரமல்லி போட்டு கடைஞ்சு சோத்துக்கு பாதிக்கு பாதி சாப்பிடுங்க. கிட்னில கோளாறு இருந்தா மட்டும் டாக்டர் கிட்ட கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க.