ஸ்கேனில் ஒடுக்கமில்லை, பிறகேன் பாரிசவாதம்?

கேள்வி: வாப்பாவுக்கு 61 வயது. சீனியும் பிறஷரும் உண்டு. போன மாதம் பேச்சுக் குழறி, வலது கையும் காலும் இயங்காமல் போயின. மூளைத்தண்டில் பாரிசவாதம் என்றார்கள். ஆனால் இரத்தக்குழாய்ப் படத்தின் அறிக்கையில் ‘ஒடுக்கம் இல்லை’ என்றிருக்கிறது. அப்படியானால் கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தலாமா? (வாசகர், கல்முனை)

பதில்: நிறுத்த வேண்டாம். குழாயின் உள்வழி திறந்திருக்கிறது என்பது மட்டும்தான் அந்த அறிக்கையின் பொருள். சுவர் எப்படியிருக்கிறது என்பதை அந்தப் படம் காட்டாது.

மூளைத்தண்டின் முன்புறம் ஏறிப்போகும் பசிலார் தமனி 3 முதல் 4 மி.மீ. அகலமே. அதிலிருந்து மயிரிழை போன்ற கிளைகள் பிரிந்து, மூளைத்தண்டின் நடுப்பகுதியான பொன்ஸுக்குள் நுழைகின்றன. சுவருக்குள் கொழுப்புப் படிவு வளரும்போது குழாய் முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடங்கொடுக்கும். இதயத்துக் குழாய்களில் இதை 1987இல் கிளகோவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் அளந்து காட்டினார்கள்: படிவு குழாயின் குறுக்குப்பரப்பில் ஏறத்தாழ 40 வீதத்தைப் பிடிக்கும் வரை உள்வழி குறுகுவதில்லை. பசிலாரிலும் இப்படி வெளிப்புறமாக விரிவது வழமை. அந்தப் படிவு ஒரு கிளையின் வாயில் குந்தினால் போதும். பெரிய வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக ஓடும், ஒரு வக்கடையில் சேறு அடைத்து அந்த வரவை மட்டும் காயும், அதே கதைதான்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்கும் டொக்டரிடம் ஒன்று கேளுங்கள்: சேதம் பொன்ஸின் முன்விளிம்பைத் தொடுகிறதா? தொட்டால் கிளையின் வாய் அடைபட்டிருக்கலாம். விளிம்பைத் தொடாமல் உள்ளே சிறு புள்ளியாக இருந்தால், பிறஷராலும் சீனியாலும் அந்தச் சிறு குழாயே பழுதாகியிருக்கலாம். சுவரையே காட்டும் விசேஷ எம்.ஆர்.ஐ. இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அதனால் மருந்து மாறாது என்பதால், அதற்காகச் செலவழிக்க அவசரப்பட வேண்டாம்.

ஸ்டாட்டின் எனப்படும் அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசை இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைப்பதோடு படிவையும் உறுதிப்படுத்தி, வெடிக்காமல் காக்கும். அதனால்தான் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரோல் 70க்குக் கீழே வந்த பிறகும் அதைத் தொடர்கிறோம். தசைநோவு வந்தால் தானாக விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். சிறிய பாரிசவாதமென்றால், இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து வழமையாக 21 நாள், பிறகு ஒன்று மட்டும். இங்கே இரண்டு பிழைகள் நடக்கின்றன. 22ஆம் நாள் இரண்டையும் விட்டுவிடுவது ஒன்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லையென்று வருடக்கணக்காக இரண்டையும் விழுங்கி, வயிற்றில் இரத்தம் கசிவது மற்றது. எந்தத் திகதியில் எதை நிறுத்துவது என்று கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கேளுங்கள். பிறஷர் 130/80ஐ ஒட்டி இருக்கட்டும். கருவாடும் அச்சாறும் அதைக் கெடுக்கும்.

திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், தலைசுற்றலோடு நடை தடுமாறினால், பேச்சுக் குழறினால் ‘காஸ்’ என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், அஸ்பிரினும்தான். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய நேரம் பொதுவாக 4½ மணித்தியாலம். மூளைத்தண்டைச் சுற்றியுள்ள எலும்பு சீ.டி. ஸ்கேனில் அந்த இடத்தை மறைப்பதால், ‘சீ.டி.யில் ஒன்றுமில்லை’ என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

வாப்பா பிளேன்டீ குடிக்கும்போது இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் விழுங்கலைச் சோதிக்கும் வரை தண்ணீர், தேநீர் போன்ற நீர்த்த எதையும் கொடுக்க வேண்டாம்.