‘ஐ5’ என்றால் எந்த ஐ5? முதல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களுக்குக் கேள்வி-பதில்

கேள்வி: மகன் இந்த ஆண்டு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். லேப்டாப் வேண்டாம், டெஸ்க்டாப் அசெம்பிள் செய்துகொள்கிறேன் என்கிறான். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வீட்டிலேயே இருக்கின்றன. பட்ஜெட் 45,000 ரூபாய். எங்கள் ஊர்க் கடையில் கொடுத்த கொட்டேஷன்: இன்டெல் ஐ5-12400எஃப், எச்610 போர்டு, 8 ஜிபி ராம் ஒன்று, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும் லைட் கேபினட். கோடிங் போக, அவ்வப்போது கேம் விளையாடுவானாம். வாங்கலாமா?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: இப்படியே வாங்காதீர்கள். அதற்காகக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்லமாட்டேன். பல கடைகளில் அச்சடித்து வைத்ததுபோல எடுத்து நீட்டும் கொட்டேஷன் இது. ‘ஐ5 இருக்கா, கிராபிக்ஸ் கார்டு இருக்கா, லைட் எரியுமா’ என்று கேட்டு வருபவர்களுக்காகத் தயாரானது.

முதலில் பிராசஸர் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘எஃப்’ எழுத்தைப் பாருங்கள். 12400எஃப் நல்ல பிராசஸர்தான்; 6 கோர் (வேலை செய்யும் பகுதிகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய வேலைகள்). ஆனால் இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டரில் படம் வரவே தனியாக ஒரு கார்டு செருகியாக வேண்டும். அதற்காகத்தான் ஜிடி 730 வந்து சேர்ந்திருக்கிறது. அது 2014-ல் வெளிவந்த கார்டு. படம் காட்டும், அவ்வளவுதான். எஃப் எடுத்ததில் மிச்சமான காசு அந்தக் கார்டிலேயே போய்விடுகிறது.

இப்போதைக்குக் கார்டே வேண்டாம் என்பது என் யோசனை. ஏஎம்டி ரைசன் 5 5600ஜி அல்லது 5600ஜிடி எடுங்கள். இதுவும் 6 கோர், 12 திரெட். இதற்குள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸ், ஜிடி 730-ஐவிட நன்றாகவே ஓடும். வேலரன்ட் தாராளமாக விளையாடலாம். ஜிடிஏ 5-ஐ செட்டிங் குறைத்து விளையாடலாம். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு இது தாங்காது என்பதைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு வீட்டில் சண்டை வேண்டாம். ஒரு வருடத்தில் நல்ல கார்டு போடுவது உறுதி என்றால் மட்டும், எஃப் இல்லாத ஐ5-12400 எடுப்பது நல்லது. 5600ஜி, 5600ஜிடி இரண்டிலும் கேஷ் மெமரி (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, அதிவேக மெமரி) குறைவு, கார்டுக்குப் போகும் பாதையும் பழைய பிசிஐஇ 3.0. தனிக் கார்டு போடும்போது அந்தக் குறை தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வழியும் முட்டுச்சந்துதான். 12400 உட்காரும் சாக்கெட் இன்டெல்லின் 14-வது தலைமுறையோடு முடிந்துவிட்டது. 5600ஜி உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2017-லிருந்து ரைசனைத் தாங்கிக்கொண்டிருக்கும் பழைய ஆள். 2022-ல் வந்த ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-ல் போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் பின்னாளில் மாற்றும் வசதி உண்டு. ஆனால் அது டிடிஆர்5 என்ற புதிய வகை ராமை மட்டும்தான் ஏற்கும். இன்றைய ராம் விலையில் உங்கள் 45,000-க்குள் அதை நுழைத்தால் வேறெங்கோ கை வைக்க வேண்டிவரும். படிப்பு முடியும் வரை நான்கு வருடம் ஓடினால் போதும் என்றால் ஏஎம்4-லேயே நிம்மதியாக இருக்கலாம்.

ராம் விஷயத்தில் என் பழைய பேச்சை நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். ‘இப்ப 8 ஜிபி போடுங்க, அப்புறம் இன்னொன்னு போட்டுக்கலாம், ராம் எங்க போயிடப் போகுது’ என்பேன். 2025 கடைசியில் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி செய்வதில் கம்பெனிகளுக்கு லாபம் அதிகம். நமக்கு வரும் சரக்கு குறைந்துவிட்டது. குருஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு ராம் விற்றுக்கொண்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் 8 ஜிபி இரண்டை இப்போதே எடுத்துவிடுங்கள். ஒரே 16 ஜிபி குச்சி வேண்டாம். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. உங்கள் ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. ஒற்றைக் குச்சி என்றால் பாதையும் ஒற்றை, கேமில் வேகம் கண்கூடாகக் குறையும். வீட்டில் பழைய டெஸ்க்டாப் கிடந்தால் திறந்து பாருங்கள். அதில் இருப்பது டிடிஆர்4 என்றால் ஒரு செலவு மிச்சம். டிடிஆர்3 ஆக இருந்தால் இந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது, அழுத்திப் பார்க்காதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கை அடித்துவிட்டு 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி ஒன்று போடச் சொல்லுங்கள். விண்டோஸ், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, அதன் எமுலேட்டர், இரண்டு கேம். 256 ஜிபி இதிலேயே நிறைந்துவிடும். சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 எல்லாமே என்விஎம்இ இல்லை. அதே வடிவத்தில் சாட்டா என்ற மெதுவான வகையும் வருகிறது. சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். நல்ல ஜென் 3 என்விஎம்இ என்றால் 3,000 எம்பியைத் தாண்டும். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. அதற்கு அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: கேபினட்டோடு 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் இலவசமாக வருகிறது. என் நண்பரோ தனியாக மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கு என்கிறார். அதுவும் 450 வாட்ஸ்தான். என்ன வித்தியாசம்?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள், பாதி பதில் கிடைத்துவிடும். இலவசமாக வருவது காலி டிபன் பாக்ஸ் போல இருக்கும்.

மீதிப் பதில் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கிறது. 450 என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, கீழே சின்னக் கட்டங்களில் +12வி என்ற இடத்தைத் தேடுங்கள். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போவது அந்த 12 வோல்ட்தான். அங்கே 16ஏ என்று போட்டிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட்ஸ். 450 எங்கே போயிற்று? நல்ல 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 36ஏ போல இருக்கும்; பெருக்கினால் 432. கடையில் செல்போன் கால்குலேட்டரை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டாலே, கடைக்காரர் உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வருவார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் கம்ப்யூட்டரில் கேபினட்டோடு வந்ததைத்தான் போட்டேன். ஏழெட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது ‘டப்’ என்று ஒரு சத்தம், கூடவே பிளாஸ்டிக் கருகிய வாசனை. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இலவசத்துக்கு வாரண்டி கிடையாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

வாங்க வேண்டியது இப்படி: 80 பிளஸ் முத்திரை (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று), 3 வருட வாரண்டி, 450 அல்லது 550 வாட்ஸ். பின்னால் கார்டு போடும் எண்ணம் இருந்தால் 550. லைட் எரியும் கேபினட்டுக்குப் பதில், முன்பக்கம் வலை வைத்த, காற்று போகும் சாதாரண கேபினட் எடுத்தால் இந்தச் செலவில் பாதி அங்கேயே வந்துவிடும். 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லாத மெஷினுக்கு அது போதும்.

கேள்வி: ‘ஐ5 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, புத்தம் புது போர்டு, 14,500 ரூபாய் மட்டும்’ என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: எந்த ஐ5 என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முழு நம்பரையும் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஐ5-3470 போல ஏதாவது வரும். கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டால் மிஞ்சுவது தலைமுறை: 3470 என்றால் 3-வது, 12400 என்றால் 12-வது. 3470 வந்தது 2012-ல். எங்கோ ஆபீஸ் மெஷினிலிருந்து கழற்றியது. ‘புத்தம் புது போர்டு’ என்பது பொய்யில்லை. 2011-ல் வந்த எச்61 சிப்செட்டை வைத்து இன்றும் புதிதாக போர்டு செய்து விற்கிறார்கள். ராம், டிடிஆர்3.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-வது தலைமுறையாவது வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். குறுக்கு வழியில் ஏற்றித்தான் கொடுப்பார்கள். டைப்பிங், பில் போடுவது, லினக்ஸ் கற்பது இவற்றுக்கு ஓடும். ஆனால் அதற்கு இந்த விலை அதிகம்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில் இல்லாமல் வாங்கினால் 18% குறைவு என்கிறார்கள். நல்லதுதானே?
— வாசகர், தாம்பரம்

பதில்: 45,000 ரூபாய் பொருளில் ஆசை காட்டும் தொகைதான். ஆனால் ஆறாவது மாதம் போர்டு செத்தால் சர்வீஸ் சென்டரில் கேட்பது ஜிஎஸ்டி பில். அதில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். ‘கம்ப்யூட்டர் செட் – 1’ என்று ஒரே வரியில் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிராசஸரை சீல் பிரிக்காத பெட்டியில் வாங்குங்கள். டிரே என்று தனியாகக் கிடைப்பதில் விலை கொஞ்சம் குறையும். கம்பெனியின் 3 வருட வாரண்டியும் ஃபேனும் இருக்காது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். திரும்பக் கொடுக்க பில்லில் காலக்கெடு போடாவிட்டால் 30 நாள் வரை கணக்கு. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம்.

கேள்வி: நானே அசெம்பிள் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை. போர்டு போய்விட்டதா?
— பிளஸ் டூ மாணவி, திருச்சி

பதில்: அநேகமாக இல்லை. பிராசஸர் பக்கத்தில் 8 பின் பவர் ஒயர் செருகினீர்களா? பலரும் மறப்பது அதைத்தான். தனிக் கார்டு இருந்தால் மானிட்டர் ஒயர் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் இல்லை. பிறகு ராமைக் கழற்றி, இரண்டு பக்கமும் ‘டிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் உங்கள் ஜோடிக்கு. படம் வந்ததும் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் போர்டின் செட்டிங் பக்கம்) போய் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

இன்டெல் போர்டு என்றால் சாக்கெட்டின் மேல் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போட்டிருப்பீர்கள். போய்த் தேடி எடுத்துவையுங்கள். வாரண்டிக்கு எடுத்துப் போனால் அதையும் கேட்பார்கள்.