புல்தரையில் வெள்ளைக் குடைக்காளான்: சமைக்கலாமா?

கேள்வி: மழை விட்ட பிறகு எங்கள் புல்தரையில் பெரிய வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்திருக்கின்றன. குடையின் மேல் பழுப்புச் செதில்கள். அடியில் வெள்ளைத் தகடுகள். பட்டன் காளானைப் போலவே மணக்கிறது. சமைக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளானோடு பொருந்துகின்றன. வெப்பமான பகுதிகளின் புல்வெளிகளில் இது சர்வசாதாரணம். தின்றால் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கிவிடும்.

தகடுகள் வெள்ளையாக இருப்பதை நம்பாதீர்கள். இளங்காளானில் அவை வெள்ளைதான். முதிர்ந்த பிறகே சாம்பல் கலந்த பச்சை ஏறும். பார்க்கச் சுத்தமாக, பறிக்கத் தோன்றும் பருவத்தில்தான் இது ஆளை ஏமாற்றுகிறது. நல்ல மணமும் எதற்கும் உத்தரவாதம் அல்ல. காம்பிலுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள்; முதிர்ந்த காளானில் அது மேலும் கீழும் நகரும்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள, தகடுகளிலிருந்து உதிரும் வித்துத்தூளைப் பார்க்க வேண்டும். நன்கு விரிந்த குடை ஒன்றின் காம்பை ஒட்ட நறுக்கி, தகடுகள் கீழே இருக்கும்படி தாள்மேல் வையுங்கள். பாதி வெள்ளைத் தாள், பாதி கறுப்புத் தாள் என்றால் எந்த நிறத் தூளும் கண்ணுக்குத் தப்பாது. கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் குடையை எடுத்தால், நடுவிலிருந்து விரியும் மெல்லிய கோடுகளாகத் தூள் படிந்திருக்கும், பார்க்கவே அழகு. வெளிறிய பச்சை என்றால் இந்தக் காளானேதான். கரும்பழுப்பு என்றால் பட்டன் காளானின் இனமான அகாரிகஸ் வகையாக இருக்கலாம். அதிலும் நச்சு இனங்கள் உண்டு, சில கீறினால் மஞ்சளாகும்.

தூள் வெள்ளையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. உயிரைப் பறிக்கும் அமானிட்டா இனங்களின் தூள் வெள்ளைதான். ஆகவே காளானைப் பிடுங்காமல் அடியோடு தோண்டி எடுங்கள். அமானிட்டாவின் அடையாளமான, காம்பின் அடியைச் சுற்றிய பை போன்ற உறை பெரும்பாலும் மண்ணுக்குள்தான் மறைந்திருக்கும். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. பூச்சி அரித்த காளான் நல்லது, வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது என்பவை உயிரோடு விளையாடும் நம்பிக்கைகள்.

தொடுவதால் ஆபத்தில்லை, கை கழுவினால் போதும். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் முளைக்க முளைக்கப் பறித்துக் குப்பையில் போடுங்கள். பூஞ்சை இழைகள் மண்ணுக்குள் வட்டமாகப் பரவியிருப்பதால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். அமானிட்டா தின்றவருக்கு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிறகு கல்லீரல் பழுதாகும். மிச்சமிருக்கும் காளானை ஒரு காகிதப் பையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.