பாலைக் குறைத்தாயிற்று, கடன் குறையவில்லையே!

கேள்வி: 2018இல் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டினோம். 24 லட்சம், 20 வருடத் தவணை. இன்னும் 19 லட்சம் பாக்கி. வட்டி 9.4 சதவீதம், மாதம் 21,000 கட்டுகிறோம். கப்போர்டு, சமையலறை வேலைக்காக வாங்கிய பர்சனல் லோனுக்கு மாதம் 10,250. அதில் 14 தவணை மீதி. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அடகுக்கடையில் நகை வைத்து 2 லட்சம் வாங்கினோம், இரண்டு ரூபாய் வட்டி. கிரெடிட் கார்டில் 80,000 நிற்கிறது, மாதம் 4,000 கட்டிவருகிறோம். மாதம் 3,000 சீட்டு வேறு. கணவர் சம்பளமும் என் தையல் வருமானமும் சேர்ந்து 58,000தான். பாலை ஒரு பாக்கெட் ஆக்கினேன், பேப்பரை நிறுத்தினேன், ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதையும் விட்டாயிற்று. அப்படியும் 20ஆம் தேதிக்கு மேல் கைமாற்றுதான். பி.எஃப்.பிலிருந்து 3 லட்சம் எடுத்து வீட்டுக் கடனில் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். வீட்டில் எட்டுப் பவுன் இருக்கிறது, அதைத் தொட எனக்கு மனமில்லை. மாடியில் சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராது என்று ஒரு ஏஜென்ட் நச்சரிக்கிறார். எங்கேதான் செலவைக் குறைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதல் வேலையாகப் பாலைப் பழையபடி இரண்டு பாக்கெட் ஆக்குங்கள். அந்த ஒரு பாக்கெட்டில் மாதம் அறுநூறோ எழுநூறோ மிஞ்சியிருக்கும். அதே மாதத்தில் அடகுக்கடையும் கார்டும் சேர்ந்து உங்களிடம் வாங்கும் வட்டி 7,300 ரூபாய். அடுப்படியில் நீங்கள் குறைக்க இனி ஒன்றும் இல்லை. குறைக்க வேண்டியது வட்டியை.

கார்டைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம் அளவில் இருக்கும். 80,000க்கு அது 2,800. அந்த வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 504. ஆக, நீங்கள் கட்டும் 4,000இல் அசலுக்குப் போய்ச் சேருவது எழுநூறு ரூபாய்கூட இல்லை. பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் இன்றிலிருந்து அந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். 'மினிமம் டியூ' (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) என்று பில்லில் பெரிய எழுத்தில் போடுவது உங்கள் வசதிக்காக என்று நினைத்துவிட வேண்டாம்.

அடகுக்கடையின் இரண்டு ரூபாய் வட்டி, கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 24 சதவீதம். மாதம் 4,000 கொடுத்தும் அசல் அப்படியே 2 லட்சம்.

இங்கேதான் அந்த எட்டுப் பவுன் வருகிறது. விற்கச் சொல்லவில்லை. தேசிய வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வட்டி ஒன்பது, பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். 2,80,000 ரூபாய் வாங்குங்கள். இன்றைய தங்க விலையில் எட்டுப் பவுனையும் கொண்டுபோக வேண்டியிருக்காது. அந்தப் பணத்தில் ஒரே நாளில் அடகு நகையை மீட்டு, கார்டையும் கட்டி முடித்துவிடுங்கள். மீட்ட நகை வீட்டுக்கு வந்துவிடும். மாதம் 7,300 ஆக இருந்த வட்டி 2,200 சுமாருக்கு இறங்கிவிடும்.

வங்கிக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். கல், அரக்கு எல்லாம் கழித்துத்தான் மதிப்பீட்டாளர் எடை போடுவார். ஒவ்வொரு நகைக்கும் மொத்த எடை, நிகர எடை இரண்டும் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள். அடகுக்கடையில் மீட்கும் தேதியும் முக்கியம். மாதம் பிறந்து இரண்டு நாள் ஆனாலும் முழு மாத வட்டி கேட்கும் கடைகள் உண்டு. வைத்த தேதியைப் பார்த்து அதற்கு முன்பே போய்விடுங்கள்.

இதில் ஒரே ஆபத்து, நம் ஊரில் வழக்கமாக நடப்பதுதான். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கணக்கு. வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி, அதே நகையைத் திருப்பி வைத்துவிட்டு வருவார்கள். பத்து வருடம் வங்கியிலேயே கிடக்கும் சங்கிலிகள் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே இருக்கின்றன. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இடையில் எப்போது வேண்டுமானாலும் அசல் கட்டலாம் என்கிற வகைக் கடனாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது கடைக்கும் கார்டுக்கும் போகும் அதே 8,000ஐ மாதாமாதம் அந்தக் கணக்கில் கட்டுங்கள். கையிலிருந்து கூடுதலாக ஒரு ரூபாய் போட வேண்டாம். 14 மாதத்தில் பர்சனல் லோன் முடிந்ததும் அந்த 10,250ஐயும் சேர்த்துக் கட்டினால், இன்றிலிருந்து இரண்டேகால் வருடத்துக்குள் நகைக்கடன் தீர்ந்துவிடும். மாதம் 8,000 கட்ட முடியாது என்று தோன்றினால் நகையைக் கொண்டே போகாதீர்கள்; தவறினால் ஏலத்துக்கு வரும்.

சரி, வீட்டுக் கடன். பத்திரம் வங்கியில் இருக்கிறதே என்ற உறுத்தலில் அதைத்தான் முதலில் அடைக்கத் தோன்றும். உங்கள் கணவரும் அதைத்தான் சொல்கிறார். ஆனால், நீங்கள் வாங்கிய கடன்களிலேயே மலிவானது அதுதான், கடைசியாக அடைக்க வேண்டியதும் அதுதான். பி.எஃப். பணத்துக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீத வட்டி கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்து எட்டு சதவீதக் கடனில் கட்டுவதால் மிச்சமாவது எதுவுமில்லை.

எட்டு சதவீதமா, எங்களுக்கு 9.4 ஆயிற்றே என்பீர்கள். அதுதான் விஷயம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் புதிதாகக் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு, இணைக்கப்பட்டவை. உங்களுடையது 2018. அநேகமாக, வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டி போடும் பழைய எம்.சி.எல்.ஆர். கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். 2025இல் மட்டும் ரெப்போ 6.5இலிருந்து 5.25க்கு இறங்கியது. பழைய கணக்கில் அந்த இறக்கம் மெதுவாகத்தான் வந்து சேரும், முழுதாகவும் வராது. கிளைக்குப் போய், "ரெப்போ வட்டிக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று எழுதியே கொடுங்கள். ஒருமுறைக் கட்டணம் கொஞ்சம் கேட்பார்கள், கொடுக்கலாம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண் சரியாக இருந்தால் எட்டுக்குப் பக்கத்தில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

அப்போது, "தவணைத் தொகையைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா?" என்பார்கள். மாதங்களைக் குறையுங்கள். 21,000 அப்படியே இருக்கட்டும். 9.4இல் இன்னும் 158 மாதம் கட்ட வேண்டியது, எட்டு சதவீதத்தில் 139 மாதத்தில் முடிந்துவிடும். பத்தொன்பது தவணை, ஏறத்தாழ 4 லட்சம். எத்தனை வருடம் கறி எடுக்கலாம் பாருங்கள்! உங்கள் வங்கி மசியாவிட்டால் வேறு வங்கிக்கு மாற்றலாம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி முடிக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது. ஆனால் புது வங்கியில் வக்கீல், மதிப்பீடு, பத்திர ஒப்படைப்புப் பதிவு என்று செலவு இருக்கும். அதனால் முதலில் சொந்த வங்கியிலேயே கேளுங்கள்.

சீட்டை நிறுத்த வேண்டாம். பாதியில் விட்டால் நஷ்டம். தள்ளி எடுக்கவும் வேண்டாம், கடைசிவரை போட்டு முழுசாக வாங்கி வங்கியில் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கார்டைத் தேடாமல் இருக்க அந்தப் பணம் வேண்டும். அடுத்த சீட்டு, பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் மட்டும்.

வீட்டுச் செலவில் உருப்படியாகக் குறைக்க ஒன்றே ஒன்று இருக்கிறது: கரண்ட். பில் எத்தனை யூனிட் என்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளை அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் மானியம் பறிபோகும். 501 முதல் 600 வரையிலான யூனிட்டுக்கும் 2024 ஜூலைக் கட்டணப்படி எட்டரை ரூபாய் அளவில் ஆகும். 560 வந்தால் 500க்கு வரும் பில்லைவிட எழுநூறு ரூபாய்க்கு மேல் கூடும். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது வாட் சுமார். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றும் ஹால் ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் மட்டும் மாற்றினாலே இரண்டு மாதத்தில் 60 யூனிட் குறையும். எல்லா ஃபேனையும் மாற்ற வேண்டாம். ரீடிங் எடுத்து ஒரு மாதம் ஆனதும் மீட்டரைப் பாருங்கள்; 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஏசியில் கை வைக்கலாம்.

அப்புறம், சொத்து வரியை ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ரேஷன் துவரம் பருப்பும் பாமாயிலும் வாங்காமல் விட்டிருந்தால் வாங்குங்கள்.

கார்டைக் கட்டி முடித்ததும் வெட்டிப் போட்டால் மட்டும் கணக்கு மூடாது, ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

சோலார் நல்ல திட்டம்தான். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 வரை மானியமும் தருகிறது. ஆனால் மீதியை நீங்கள் கடன் வாங்கித்தான் போட வேண்டும். 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டில், நம் மானியக் கட்டணத்தில், போட்ட காசு திரும்ப வெகு நாளாகும். ஏஜென்ட் மறுபடி வந்தால், நகையெல்லாம் வீடு வந்து சேர்ந்த பிறகு வரச் சொல்லுங்கள்.