பழத்தைப் பார்த்து எல்டர்பெர்ரி என்று முடிவு செய்யாதீர்கள்

தம்பி, குடிவந்த வீட்டின் பின்வேலியில் கறுப்புப் பழங்கள் குலைகுலையாகத் தொங்குகின்றன, பக்கத்து வீட்டார் அதை எல்டர்பெர்ரி, அதாவது எல்டர் என்னும் புதர்ச்செடியின் பழம், என்கிறார்கள், பறித்துச் சாப்பிடலாமா, நாமே ஒன்று வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ப்பது எளிது. பறிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். புதிதாக வருகிற நம்மவர்கள் பழத்தின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கை நீட்டுகிறார்கள். ஐரோப்பாவிலும் சரி, வட அமெரிக்காவிலும் சரி, வேலியோரத்தில் கறுத்துப் பழுக்கும் நஞ்சுச் செடிகளும் உண்டு.

முதலில் இலையைப் பாருங்கள். நமக்கு வேப்பிலை தெரியும் என்பது இங்கே உதவும். எல்டரிலும் அப்படித்தான், ஒரே காம்பில் பல சிற்றிலைகள், ஓரமெல்லாம் பல்பல்லாக. ஆனால் வேம்பில் இலைக்காம்புகள் கிளையில் மாறி மாறி வரும். எல்டரில் இரண்டிரண்டாக நேரெதிரே நிற்கும். ஐரோப்பிய எல்டரில் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், நுனியில் தனியாக ஒன்று. கசக்கினால் முகம் சுளிக்க வைக்கும் வாடை. முதிர்ந்த பட்டை கரடுமுரடாக வெடித்திருக்கும். இளங்குச்சியை ஒடித்தால் நடுவில் மெத்தென்ற வெண்ணிறத் தக்கை.

கோடைத் தொடக்கத்தில் பூக்கும்போதே செடியை அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. பாலேடு நிறச் சிறு பூக்கள் தட்டையான பெரிய கொத்தாக விரியும். கோடை முடியும் நேரத்தில் அதே கொத்து பழப் பாரத்தால் கவிழ்ந்து தொங்கும். பழக்கொத்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறதா? ஐரோப்பாவில் அது குட்டை எல்டராக இருக்கலாம், அதைத் தொடாதீர்கள். அதற்கு மரத்தண்டு கிடையாது, குளிர்காலத்தில் தரைமட்டமாக மடிந்துவிடும். வட அமெரிக்காவில் போக்வீட் என்ற நஞ்சுச் செடி ஏமாற்றும். வழவழப்பான செந்நீலத் தண்டு, சிற்றிலைகளாகப் பிரியாத முழு இலை, நீண்ட சரமாகப் பழம் என்று இருந்தால் அது போக்வீட். பூக்கும் பருவத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து வாட்டர் ஹெம்லாக். தண்ணீர்ப் பாங்கான இடத்தில் வெள்ளைப் பூக்குடை பிடித்து நிற்கும். உயிரையே எடுக்கும் அச்செடியில் இலைகள் எதிரெதிராக வருவதில்லை.

செடி எல்டர்தான் என்று உறுதியான பிறகும் பச்சையாக வாயில் போடாதீர்கள். இலை, தண்டு, வேர், காய் எல்லாவற்றிலும் உடலுக்குள் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. 1983இல் கலிபோர்னியாவில் இலையும் தண்டும் சேர்த்து நசுக்கிய சாற்றைக் குடித்தவர்களில் எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. நன்கு கறுத்த பழங்களை மட்டும் முள்கரண்டியால் காம்பிலிருந்து உதிர்த்துக் கொதிக்கவைத்த பின்பே உண்ண வேண்டும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்கிற நம் துணிச்சல் இதற்கு ஒத்துவராது.

இனி வளர்ப்பது. விதையை நம்பினால் முளைக்கவே நெடுநாள் ஆகும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து செடி உறங்கும்போது, அந்த ஆண்டு வளர்ந்த குச்சியில் ஒரு சாண் நீளம் வெட்டி, மேல்கணு மட்டும் வெளியே தெரியும்படி மண்ணில் செருகுங்கள். பெரும்பாலும் வேர்விட்டுவிடும். வாடகை வீடென்றால் முதலில் தொட்டியில் வளர்த்து, வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு தரைக்கு மாற்றுங்கள். ஈரம் தங்கும், ஆனால் தண்ணீர் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும் போதும். வேர் மேலாகவே ஓடும் என்பதால் அடியில் கொத்தாதீர்கள். களையை இலைச்சருகு மூடாக்கால் அடக்குங்கள். ஒன்றுக்கு இரண்டு வகை பக்கத்தில் இருந்தால் காய்ப்பு கூடும். அமெரிக்க வகைகளில் ஆடம்ஸும் யார்க்கும் அப்படி நடப்படும் பழைய இணை. மூன்று ஆண்டுகளைத் தாண்டிய கிளைகளைக் குளிர்கால முடிவில் அடியோடு வெட்டுங்கள். பழம் கறுக்கத் தொடங்கியதும் வலை போடாவிட்டால் முழுவதும் பறவைகளுக்குத்தான்.

உங்கள் வேலிச் செடியில் இப்போதே இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா, கொத்து கவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் இந்த ஆண்டு பறிக்க வேண்டாம்.